கழிப்பறை வாசலில் சேர்த்த பக்கங்கள்

“குப்பையப் பசை போட்டு ஒட்டுனா அது பொஸ்தகம் ஆயிருமாட்டி?”

கேட்டவர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. அப்போது நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். சீவலப்பேரியில் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, மைதாவைக் காய்ச்சி எடுத்த பசையை விரலால் தொட்டு ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் தடவிக்கொண்டிருந்தேன். அவர் சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருந்தார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அண்ணன் எதற்கென்று தெரியாமலேயே சிரித்தான். அப்பா மட்டும், “அவ பாட்டுக்கு ஒட்டுதா, ஒனக்கு என்ன லே செய்யுது? சோத்தத் தின்னு” என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குள் போனதே எங்களைச் சேர்த்துவிடத்தான். அண்ணன் ஐந்தாம் வகுப்போடு நின்று செங்கல் சூளைக்குப் போய்விட்டான். கடைப் பெயரையும் பஸ் பெயரையும் எழுத்துக் கூட்டி வாசிப்பான். ஒரு பக்கம் முழுக்க வாசிக்க அவனால் ஆகாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று இந்த இடத்தில் எழுத வேண்டும் போலிருக்கிறது. ஆனால் பெருமைதான். அதை நான் யாரிடமும் இரவல் வாங்கவில்லை.

அந்த ஒட்டுப் புத்தகம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேலை. நான் படித்தது பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளி. தலைவர்கள், பூக்கள், பறவைகள் என்று படங்களை வெட்டி ஒட்டிக் கொண்டுவரச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் கடையில் படத்தாள் வாங்கி, கத்தரித்து ஒட்டினார்கள். எல்லாருடைய நோட்டிலும் ஒரே மயில், ஒரே தாமரை. என் நோட்டில் மட்டும் திசையன்விளை பஸ் டிக்கெட்டும், யாரோ கூடங்குளத்துக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் மூலையும், தலைவலித் தைலத்தின் அட்டையும், ஜெபக்கூட்டத்து நோட்டீசும் இருந்தன. டீச்சர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் ஏதும்மா உனக்கு?” என்றார். “எங்கப்பா கொண்டாந்தது, டீச்சர்” என்றேன். “அப்பா கண்டக்டரா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். மேலே கேட்காமல் ஒரு கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

என் அப்பா திருநெல்வேலியில் ஒரு பஸ் ஸ்டாண்டில், கட்டணக் கழிப்பறை வாசலில் இருந்தவர். ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சில்லறை போட ஒரு தட்டு. கூட்டம் குறைகிற நேரத்தில் எழுந்து போய் உள்ளே கழுவிவிடுவதும் அவர் வேலைதான். அதற்குத் தனியாக ஆள் இருக்கிறது என்று காண்ட்ராக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தனி ஆளை நான் பார்த்ததே இல்லை.

தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கியதும் முதலில் வருவது அவரிடம்தான். மூட்டையை மேசைமேல் வைத்து, “அண்ணாச்சி, கொஞ்சம் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்கள். திரும்பி வந்து சட்டைப்பையைத் துழாவிச் சில்லறை எடுக்கும்போது கூடவே நாலு தாளும் வரும். அதை அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். அப்பா அவற்றைத் துடைத்து, மேசையின் இழுப்பறையில் எனக்காகச் சேர்த்து வைப்பார். தரையில் விழுந்ததை எடுக்க மாட்டார். அதில் மிகவும் கண்டிப்பாக இருந்தார். மேசைக்கு வந்தது மட்டும்தான் எனக்கு.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் டவுன் பஸ் ஏறி அங்கே போய்விடுவேன். அவர் வேலை முடிகிற வரைக்கும் மேசையின் ஒரு ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதுவேன். பிறகு இருவரும் சேர்ந்து சீவலப்பேரி பஸ் ஏறுவோம். அந்த வாடை எனக்குப் பழகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பழகவில்லை. பினாயில், பிளீச்சிங் பவுடர், அவற்றையும் மீறி வருகிற இன்னொன்று. மூக்கைப் பொத்தாமல் இருக்கப் பழகினேன், அவ்வளவுதான். அப்பா முன்னால் மூக்கைப் பொத்தக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஒவ்வொரு தாளாக எடுத்து, “இது எங்கன இருந்து வந்திருக்கு, பாரு” என்பார். வாசித்துச் சொல்வேன். “உவரி”, “ராதாபுரம்”, “அம்பாசமுத்திரம்” என்று ஊர்ப் பெயரைக் கேட்டதும் அந்த ஆளைப் பற்றிச் சொல்வார். குடையை மறந்துவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி ஓடிவந்தவர். பெண் பார்க்கப் போகிறோம் என்று மேசைக் கண்ணாடியில் தலை சீவியவர். சில்லறை இல்லை என்று ஒரு கொத்து முருங்கைக்காயைக் கொடுத்துவிட்டுப் போன அம்மா. நான் டிக்கெட்டை ஒட்டி, அதன் கீழே இரண்டு வரி எழுதி வைப்பேன். மிஷினில் அடித்த டிக்கெட்டில் எழுத்து நிற்காது. ஒரு வருஷத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். அதனால் நான் எழுதிய இரண்டு வரிதான் மிச்சம். அப்படித்தான் எழுதக் கற்றுக்கொண்டேன் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்து வேலை முடிந்த பிறகும் நான் ஒட்டுவதை நிறுத்தவில்லை. ஒரு நோட்டு முடிந்தால் அடுத்த நோட்டைச் சேர்த்துத் தைத்துக்கொண்டே போனேன்.

ஊரில் அப்பாவின் வேலையைப் பற்றி யாரும் நேராகச் சொன்னதில்லை. அம்மா வயல் வேலைக்குப் போகிற இடத்தில் கேட்டால், “பஸ் ஸ்டாண்டுல வேலை” என்பாள். அண்ணன், “கவர்மெண்ட் மாதிரி” என்பான். சித்தப்பாதான் ஒரு கல்யாண வீட்டில் முதன்முதலாக, “எங்கண்ணன் பஸ் ஸ்டாண்டுல காண்ட்ராக்ட் எடுத்திருக்கு” என்று சொன்னார். அப்பா பக்கத்து வரிசையில் இலைக்கு முன்னால்தான் இருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பிறகு ரசம் கேட்டார்.

ஒன்பதாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் எனக்குப் பரிசு கிடைத்தது. விழாவுக்கு அப்பா வேலை நேரத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தார். காக்கிச் சட்டை, மடித்துவிட்ட கால்சட்டையின் ஓரத்தில் ஈரம், தோளில் துண்டு. பள்ளிக்கூடத்துக்கு வந்த போட்டோக்காரர் பரிசோடு நிற்கச் சொன்னபோது அப்பா ஒதுங்கித் தூணுக்குப் பின்னால் போனார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் எடுத்துவிட்டார்கள். அப்பாவின் பாதி உடம்பு தூணில் மறைந்திருக்கும். முகம் முழுதாகத் தெரியும். நல்ல கறுப்பு, மேல்பல் ஒன்று கொஞ்சம் முன்னால் வந்திருக்கும், சிரித்தும் சிரிக்காமலும் ஒரு பார்வை. வாக்காளர் அட்டையை விட்டால் அவரைத் தனியாகவோ கூட்டமாகவோ யாரும் எடுத்த வேறு படம் கிடையாது. அதை வாங்கி வந்து நோட்டில் நடுப்பக்கத்தில் ஒட்டினேன். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கடையில் வாங்கிய பசை.

நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பா காய்ச்சலில் படுத்தார். ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகக் கொண்டுபோனோம். அவ்வளவுதான் அதைப் பற்றி எழுத முடிகிறது.

அவர் இறந்த அன்று காலையில் வீட்டுக்கு வெளியே பந்தல் போட்டுக்கொண்டிருந்தபோது சித்தப்பா உள்ளே வந்தார். “ஏட்டி, ஒங்கப்பன் போட்டோ ஒண்ணு வேணும். பிளக்ஸ் அடிக்கணும்” என்றார். நான் அப்பாவின் காலடியில் இருந்தேன். வாக்காளர் அட்டையில் இருக்கிறது என்று சொன்னேன். “அதுல மூஞ்சியா தெரியுது? கரிக்கட்டை மாதிரில்லா இருக்கு” என்றார். அண்ணன்தான் டிரங்குப் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்துக் கொடுத்தான். படம் ஒட்டியிருந்ததால் வரவில்லை. பக்கத்தோடு கிழித்துக்கொண்டு போனார்கள். கிழிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்த நேரத்தில் எழுந்து போய்ச் சண்டை போட முடியுமா? எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். நானும் அழுதுகொண்டிருந்தேன். எதற்காக அழுகிறேன் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்குள் பிளக்ஸ் வந்துவிட்டது. இரண்டு கம்புகளுக்கு நடுவில், தெருமுனையில் கட்டினார்கள். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று மேலே. கீழே ஒரு மனிதர். வெள்ளைச் சட்டை, அதன் பையில் பேனா. சந்தன நிறம். தோளில் துண்டு இல்லை. முன்பல் உள்ளே போயிருந்தது. பின்னால் நீல வானம், இரண்டு புறா. எங்கள் பஸ் ஸ்டாண்டில் நான் பார்த்ததிலேயே கறுப்பான மனிதரை வெளுத்துத் துவைத்து உலர்த்தியிருந்தார்கள். தூணை எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னையும் எடுத்துவிட்டார்கள். பெயருக்குக் கீழே ‘ஒப்பந்ததாரர்’ என்று போட்டிருந்தது.

“இது யாரு, சித்தப்பா?” என்று கேட்டேன்.

“யாருன்னா? ஒங்கப்பன்தான். கொஞ்சம் வெளுப்பாப் போட்டிருக்கான். செத்த பெறகாவது மனுசன் நல்லா இருந்துட்டுப் போட்டுமே.”

ஒப்பாரி வைக்க வந்த ஒரு பெரியம்மா பிளக்சைப் பார்த்துவிட்டு, “எம்மா, புது மாப்பிள்ளை மாதிரில்லா இருக்காவ” என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். சுடுகாடு போனவர்கள் திரும்பிய பிறகு, நோட்டிலிருந்து கிழித்த அந்தப் படம் எங்கே என்று கேட்டேன். ஸ்டுடியோவில் இருக்கும் என்றார்கள். ஸ்டுடியோவில் கேட்டதற்கு, கொடுத்துவிட்டோமே என்றார்கள். அண்ணன், “இப்ப அதுக்கு என்ன? அதவிட நல்லதா ஒண்ணு மாட்டியிருக்கோம்லா” என்றான். பிளக்ஸ் முகத்தையே பெரிதாக்கி, சட்டம் போட்டு, சுவரில் மாட்டி, சின்ன பல்பும் எரியவிட்டிருந்தார்கள். அம்மா தினமும் அதற்குப் பூ வைக்கிறாள். யாருக்குப் பூ வைக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

பிறகு அந்த மார்கழி வெள்ளம். ஆறு வயலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டித் தெருவுக்குள் வந்தது. எங்களைப் பள்ளிக்கூடத்து மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். தண்ணீர் வடிந்து திரும்பி வந்தபோது டிரங்குப் பெட்டிக்குள் சேறு. என் நோட்டு ஒரே கட்டியாகியிருந்தது. மைதாப் பசை ஊறிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விரித்தால் கஞ்சி போல வந்தது. வெயிலில் வைத்தேன். காய்ந்ததும் ஓடு போலப் பெயர்ந்தது. ஒரு பக்கம்கூட மிஞ்சவில்லை. சுவரில் இருந்த ஒப்பந்ததாரருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆணி உயரத்தில் அடித்திருந்தது. தண்ணீர் அவர் சட்டத்தின் அடியைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தது.

அப்போது நான் படிப்பை முடித்து ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். வெள்ளத்துக்குப் பிறகு ஒரு பயம் வந்தது. நோட்டு போனது போகட்டும், அதில் இருந்தது என் தலையிலாவது இருக்கிறதா? ஒருநாள் மதிய இடைவேளையில் உட்கார்ந்து, முதல் பக்கத்தில் என்ன ஒட்டியிருந்தேன் என்று யோசித்தேன். திசையன்விளை டிக்கெட். கூடவே, குடையை மறந்தவரின் வழுக்கைத் தலை ஞாபகம் வந்தது. அதைப் போனிலேயே தட்டச்சு செய்தேன். இணையத்தில் இலவசமாக ஒரு வலைப்பூ தொடங்கி அதில் ஏற்றினேன். அடுத்த நாள் அடுத்த பக்கம். யார் பெயரையும் போடவில்லை. என் பெயரையும் போடவில்லை. ஆனால் இடத்தை மறைக்கவில்லை. அது கட்டணக் கழிப்பறை, அந்த வாசலில் இருந்தவர் என் அப்பா, உள்ளே கழுவியவரும் அவரே, அவர் கறுப்பு, அவருக்கு முன்பல் வெளியே இருக்கும். பிளக்ஸ் அடித்த கதையையும் எழுதினேன்.

வாசிக்க ஆட்கள் அதிகம் இல்லை. எங்கோ வெளிநாட்டில் இருக்கிற ஒரு பெண் மட்டும் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ஏதாவது எழுதுவார். ஒருமுறை, ‘அந்தக் கழிப்பறைக்கு நானும் வந்திருக்கிறேன், உங்கள் அப்பாவிடம் மூட்டையைக் கொடுத்திருப்பேன்’ என்று எழுதியிருந்தார். அதை எத்தனையோ தடவை வாசித்தேன். குப்பையை ஒட்டினால் புத்தகம் ஆகுமா என்று சித்தப்பா கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு நான் ஏதோ எழுதுவது தெரியும். என்ன எழுதுகிறேன் என்று தெரியாது. அவன் இப்போது சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறான். அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். போகிற இடமெல்லாம் பேச்சின் நடுவில் என்னை ஒருமுறை எடுத்து வைப்பார்கள். “தங்கச்சி டீச்சரு. இன்டர்நெட்டுல எழுதுதா.” வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது என்று சொல்வது மாதிரி. நல்ல இடம் ஒன்று வந்தது, தூத்துக்குடி ரோட்டில் ஒரு ஊர். பெண்ணின் தம்பி கல்லூரியில் படிக்கிறான். எல்லாருக்கும் பிடித்துப்போய், நாள் குறிக்கிற பேச்சு வரைக்கும் வந்தது. அந்தப் பையன் அண்ணனிடம், “மதினி எழுதுறத எங்களுக்கும் அனுப்புங்க” என்று கேட்டிருக்கிறான். அண்ணன் என் போனை எடுத்து, வலைப்பூவின் இணைப்பை அவனே அனுப்பிவிட்டான். கூடவே கும்பிடுகிற கை இரண்டு.

அதில் என்ன இருக்கிறது என்று அவன் பார்க்கவில்லை. பார்த்தாலும் வாசித்திருக்க முடியாது. என்னிடமும் கேட்கவில்லை. தங்கை எழுதுவது என்றால் அது நல்லதாகத்தான் இருக்கும், நம்மைப் பெருமையாகத்தான் சொல்லும் என்று இருந்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் போன் செய்தார். ஜாதகம் திரும்பப் பார்த்தார்களாம், பொருத்தம் இல்லையாம். சித்தப்பா விடவில்லை. நோண்டி நோண்டிக் கேட்டார். கடைசியில் தரகர், “நீரு காண்ட்ராக்டருன்னு சொன்னீரு, புள்ள கக்கூஸ் கழுவுனாருன்னு எழுதி வச்சிருக்கு. நான் எங்க வே போய் மூஞ்சிய வைக்க?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது சித்தப்பா, அண்ணன், அம்மா மூன்று பேரும் சுவர்ப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். பல்பு எரிந்துகொண்டிருந்தது.

“வாங்க டீச்சர்” என்றார் சித்தப்பா. “நல்லா எழுதியிருக்கியாமே. ஊரே வாசிக்குதாம்.”

நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. “இல்லாதது எதையும் எழுதலயே” என்றேன்.

“இல்லாதத எழுதியிருந்தாத்தான் பரவாயில்லயே. கதன்னு சொல்லிட்டுப் போயிரலாம்.” அவர் குரல் மாறியது. “சரி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. மேல ‘இது கதை’ன்னு ஒரு வரி போட்டுரு. நான் தரகர்ட்ட பேசுதேன்.”

“கதை அந்தா செவுத்துல மாட்டியிருக்கு. அதுக்குக் கீழ வேணா எழுதிப் போடுங்க.”

அண்ணன் எழுந்துவிட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “நீ படிக்கணும்னு நான் சூளைக்குப் போனேன்ட்டி” என்றான். “அங்க கல்லுச் சுமந்தவன் நானு. ஒனக்கு எழுத்து வந்ததும் என் வாழ்க்கையிலயே எழுதிப் பாக்குதியோ?”

அவன் சொன்னதில் பாதி சரி. அவன் சூளைக்குப் போனது எனக்காக அல்ல, பள்ளிக்கூடம் பிடிக்காமல் வாத்தியாரிடம் அடி வாங்கி ஓடிப்போனவன். ஆனால் அவன் கொண்டுவந்த கூலியில் நானும் சாப்பிட்டேன். அதனால் அன்றைக்கு அதை எடுத்துச் சொல்லவில்லை. “அழிக்க மாட்டேன்” என்று மட்டும் சொன்னேன்.

அழிக்க என் கை தேவைப்படவில்லை. எங்கள் மாதிரி வீடுகளில் முதல் போன் ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான். நான் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது மின்னஞ்சல் வேண்டுமென்றார்கள், அண்ணனின் நம்பரைக் கொடுத்துத்தான் தொடங்கினேன். பிறகு எனக்குப் போன் வந்தது. சிம்மை அவன் பெயரில்தான் வாங்கினான். பொட்டப்பிள்ளை பெயரில் எதற்குச் சிம் என்று அம்மாவும் சொன்னாள். அந்த மின்னஞ்சலை வைத்துத்தான் வலைப்பூவையும் தொடங்கியிருந்தேன். என்னுடையது என்று நான் நினைத்திருந்த எல்லாவற்றுக்கும் ஓடிபி போய் விழுந்தது அவன் போனில். செல்போன் ரிப்பேர் பார்க்கிற கூட்டாளி ஒருவனை வைத்துக் கடவுச்சொல்லை மாற்றி, வலைப்பூவை மொத்தமாக எடுத்துவிட்டான். மறுநாள் நான் திறந்தபோது, நீங்கள் தேடும் பக்கம் இல்லை என்று வந்தது. நகல் எதுவும் எடுத்து வைக்கவில்லை. இணையத்தில் போட்டது எங்கேயும் போகாது என்று பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

ஒரே விஷயத்தை இரண்டு தடவை என் கையிலிருந்து கிழித்துவிட்டார்கள். நடுவில் ஆறும் ஒருதடவை கொண்டுபோயிற்று. ஆற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு யாரும் பெண் கொடுக்க வேண்டியதில்லை.

அம்மாவிடம் போய் நின்றேன். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒனக்குத் தெரிஞ்சுதான் செஞ்சானா?” என்று கேட்டேன்.

“தெரியும்” என்றாள். தலையைத் தூக்கவில்லை. “ஒங்கப்பா இருந்தாலும் அதத்தான் செய்யச் சொல்லியிருப்பாவ. என்னைக்காவது ஆத்துல குளிக்காம வீட்டுக்குள்ள வந்திருக்காவளா? மழையா இருந்தாலும் பஸ்ஸவிட்டு எறங்கி ஆத்துக்குத்தான் மொதல்ல போவாவ. எதுக்கு? அந்த வாடை வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுதான. நீ அதத் தூக்கி ஊருக்கெல்லாம் காட்டுத.”

மற்றவர்கள் சொன்னதெல்லாம் என்னைக் கோபப்படுத்தியது. இது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. பல நாள் அதையே சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தேன். அவர் குளித்துவிட்டு வரும் வரைக்கும் நான் கரையில் அவர் சட்டையை வைத்துக்கொண்டு நிற்பேன். அம்மா சொன்னது உண்மைதான். கல்யாண வீட்டில் சித்தப்பா ‘காண்ட்ராக்ட்’ என்று சொன்னபோது அப்பா மறுத்துப் பேசவில்லை என்பதும் உண்மைதான்.

ஆனால் வாடையைத்தான் அவர் ஆற்றில் விட்டார். என்னை மறைத்து வைக்கவில்லை. தினமும் சாயங்காலம், பள்ளிக்கூடச் சீருடையோடு, அந்த வாசலில், எல்லாரும் பார்க்க என்னை உட்கார வைத்தார். சீவலப்பேரிக்காரர்களும் அங்கே வந்து போனார்கள். தெரிந்தவர்கள் வந்தால் அவராகவே சொல்வார்: “எம் மவ. பாளையங்கோட்டையில படிக்கா.” வெட்கப்பட்டவர் அதைச் செய்வாரா? செய்திருக்கலாம். வெட்கமும் இருந்திருக்கலாம். அவரிடம் இனிக் கேட்க முடியாது. ஆனால் அந்த மேசையின் ஒரு ஓரம் என்னுடையது. அங்கே உட்கார்ந்து படித்தவள் நான். அதை எழுத அண்ணனுடைய அனுமதி எதற்கு, சித்தப்பாவின் அனுமதி எதற்கு? அம்மாவிடம் இதைச் சொன்னேன். “எழுதுனது போதும், மொதல்ல அவன் கல்யாணம் முடியட்டும்” என்றாள். முடிந்தால் அடுத்து வளைகாப்பு வரும். பிறகு பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள், காது குத்துவார்கள். அந்தப் பிள்ளைக்கும் சுவரில் இருக்கிற சந்தன நிறத்து மனிதரைக் காட்டி, உன் தாத்தா என்று சொல்வார்கள். அதைத் தடுக்கத்தான் எனக்கு அவசரம். அதற்குப் பிறகு எழுதினால் என்னைத்தான் பைத்தியம் என்பார்கள்.

இப்போது வேறு ஒரு இடம் வந்திருக்கிறது. அடுத்த வாரம் வீடு பார்க்க வருகிறார்கள். சுவருக்கு வெள்ளையடித்தாயிற்று. சட்டத்தைத் துடைத்து மாட்டியாயிற்று. ‘தங்கச்சி டீச்சரு’ என்பதோடு இந்த முறை நிறுத்திக்கொள்வார்களாம். அன்றைக்கு நான் வீட்டில் இருந்து காபி கொடுக்க வேண்டுமாம், பேச வேண்டாமாம்.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பாளையங்கோட்டையில் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். என் ஆதார் அட்டையைக் கொடுத்தேன், பெருவிரலை வைத்தேன். “இன்னொரு நம்பர் வேணும், வீட்டுல யார் நம்பராவது சொல்லுங்க” என்றார் கடைக்காரர். என்னோடு வேலை பார்க்கிற டீச்சரின் நம்பரைக் கொடுத்தேன். என் பெயரில் ஒரு சிம் வந்தது. அதை வைத்துப் புது மின்னஞ்சல், புது வலைப்பூ. முதல் பதிவாக நீங்கள் வாசிக்கிற இதை எழுதினேன். எழுதி முடிக்க மூன்று நாளாயிற்று. இந்த முறை நகலும் எடுத்து அந்த டீச்சரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

இன்று மதிய இடைவேளையில் பள்ளி நூலகத்தில் யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, இங்கே வரைக்கும் எழுதியதை முதலிலிருந்து சத்தமாக வாசித்துப் போனில் பதிவு செய்தேன். சூளையைப் பற்றிய இடத்தையும், பாதி சரி என்று எழுதியதையும் விடாமல் வாசித்தேன். இரண்டு இடத்தில் குரல் நின்றது. வெட்டவில்லை. அந்தக் குரல் பதிவை அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். இந்த முறை அவன் வாசிக்க வேண்டியதில்லை, கேட்டாலே போதும். வருகிறவர்களிடம் சுவரில் இருப்பது யார் என்று சொல்வது என்பதை அவனே முடிவு செய்துகொள்ளட்டும். எழுதிய இந்தப் பதிவையும் புது வலைப்பூவில் ஏற்றியாயிற்று.